உலை வைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். மாவட்டத்தைப் பற்றிய எண்களையெல்லாம் பலகைகளில் அச்சிட்டு மாட்டியிருந்தார்கள். புள்ளியியல் துறையில் ஓய்வு பெற்ற எங்களையும் மறக்காமல் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, ஐந்து நிமிடம் அனுபவத்தைப் பேசச் சொல்வதாகத் திட்டம். பேச்சு தொடங்குவதற்குள் பலகைகளைப் பார்த்துவிடலாம் என்று நடந்தேன். படிப்பில் நாம் எப்படி, மழையில் எப்படி, ரப்பரில் எப்படி என்று வண்ண வண்ணமாக வைத்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

கடைசிக்கு முந்தின பலகையில் ஒரு கிணற்றின் படம். கப்பியும் வாளியுமாக, சுவரில் பாசி படிந்த அழகான கிணறு. அதன் கீழே கொட்டை எழுத்தில், ‘வீட்டுக்கு வீடு கிணறு: இது குமரியின் அடையாளம்’ என்று போட்டிருந்தது. இன்னும் கீழே, எல்லா வீட்டிலும் குடிநீர்க் கிணறு உள்ள முன்மாதிரி ஊர்கள் என்று சில பெயர்கள். முதலில் இருந்த ஊரின் பெயரைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

பக்கத்தில் நின்ற இளம் அலுவலரிடம், “இதை எங்கேருந்து எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“நம்ம மாவட்டப் புள்ளிவிவரப் புத்தகத்துலேருந்துதான் மேடம். பழைய அஃபிஷியல் டேட்டா. உங்க காலத்துல எடுத்ததாத்தான் இருக்கும்” என்றாள் அவள், என்னைச் சந்தோஷப்படுத்துகிற குரலில்.

என் காலத்தில் எடுத்ததுதான். நானே வீடு வீடாகப் போய் எடுத்தது. அந்த ஊர்க் கிணறுகளில் ஒன்றின் தண்ணீரைக்கூட ஒரு மடக்கு குடிக்க முடியாது என்று நானே எழுதியும் கொடுத்தேன். நான் எழுதியது எங்கே போனது, இந்தப் பலகை எப்படி வந்தது என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லமுடியாது. மேடையில் ஏறி, “அந்தக் கிணற்றுப் பலகையைக் கழற்றுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தை மறைத்துக்கொண்டு பேசுகிற உத்தியோகம் எனக்கு முடிந்துவிட்டது.

கோட்டாற்றுக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான். புள்ளியியல் ஆய்வாளர் என்று பெயருக்குப் பெரிய வேலை. உண்மையில் செய்வது என்னவென்றால், சந்தையில் விலை விசாரிப்பது, வயலில் இறங்கி முளை அடித்துக் கயிறு கட்டி அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து நிறுப்பது, வீடுகளுக்குப் போய்க் கேள்வி கேட்பது. பயிற்சி என்று சென்னையில் கொஞ்ச நாள் உட்காரவைத்தார்கள். அதை எப்படிப் பயிற்சி என்று சொல்வது? அருமனையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு வீடு தேடி அலைந்ததுதான் எனக்குப் பயிற்சி.

முதல் கோபமும் வயலில்தான் வந்தது. எங்கள் நாஞ்சில் நாட்டில் நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ, கும்பப்பூ. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சென்னையிலிருந்து வந்த படிவத்தில் குறுவை இருந்தது, சம்பா இருந்தது, எங்கள் பயிர் இல்லை. நாங்கள் விதைக்கிற மாதம் வேறு, அறுக்கிற மாதம் வேறு. இரண்டு மழையும் பெய்கிற நாடு இது. ஒரு தடவை அறுவடைச் சோதனைக்காக வயலில் நின்றபோது, நான் படிவத்தில் ‘குறுவை’ என்று எழுதுவதை வயல்காரர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“இது என்னது அம்மா, குறுவையா? எங்க அப்பன் காலத்துலேருந்து இது கன்னிப்பூவுல்லா. பேரை மாத்தி எழுதிட்டு நாளைக்கு மழையில அழிஞ்சு போச்சுன்னா எந்தப் பேருல நட்டஈடு கேக்க?” என்றார்.

நியாயமான கேள்வி. அதை அப்படியே எங்கள் துணை இயக்குநரிடம் போய்ச் சொன்னேன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வடக்கே ஒரு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். லஞ்சம் கிடையாது, தாமதம் கிடையாது, மேசையில் ஒரு தூசி இருக்காது. ஒரு சிவப்புப் பென்சில், ஒரு மர அளவுகோல், இரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். யாராவது விவகாரமாக எதையாவது சொன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் நிதானமாகத் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவருக்குப் பாதி தைரியம் போய்விடும். பிறகு மாட்டிக்கொண்டு, படிவத்தை அளவுகோலின் நுனியால் நம் பக்கம் தள்ளுவார். கையால் தொட்டுத் தள்ளமாட்டார்.

அன்றும் துடைத்தார். “கன்னிப்பூன்னு ஒரு பருவம் அரசாங்கத்துல இல்லைம்மா. எது இருக்கோ அதுல சேருங்க” என்றார். தள்ளினார். ஒரு நாட்டின் பயிரையே இல்லை என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஒழுங்கான மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவர் இருந்த காலத்தில்தான் அந்தக் கடற்கரை ஊருக்குப் போனேன். மேற்கே, கடலுக்கும் சாலைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற ஊர். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன், காரணம் படிக்கும்போதே தெரிந்துவிடும். கோவில், அதைச் சுற்றி மணல், மணலுக்கு மேல் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும் சிமென்ட் உறை இறக்கிய ஒரு கிணறு. எங்கள் மாவட்டத்தில் வீடு என்றால் கிணறும் சேர்த்துத்தான். கல்யாணம் பேசும்போது ‘சொந்த வீடும் கிணறும் உண்டு’ என்றுதான் தொடங்குவார்கள்.

குடும்ப வசதிகளைப் பற்றிய ஆய்வு அது. கேள்வியைப் படிவத்தில் உள்ளபடியே வாசிக்கவேண்டும், விளக்கம் சொல்லக்கூடாது, பதிலை நாமாகத் திருத்தக்கூடாது, எண்ணை வட்டமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவேண்டும். தண்ணீருக்கு ஒரே கேள்வி: வீட்டு வளாகத்தில் குடிநீர்க் கிணறு உள்ளதா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. போன வீட்டிலெல்லாம், “உண்டு டீச்சரே” என்றார்கள். அந்தப் பக்கத்தில் காகிதத்தோடு வருகிற பெண் யாராயிருந்தாலும் டீச்சர்தான். போன வீட்டிலெல்லாம் உட்காருவதற்கு முன்பே கையில் ஒரு டம்ளர் தண்ணீரும் வந்துவிடும். கல்கண்டு மாதிரித் தண்ணீர். வெயிலுக்கு அமிர்தமாக இருந்தது. நானும் குடித்துக் குடித்து ஒன்றை வட்டமிட்டுக்கொண்டே போனேன்.

பிலோமினாள் வீட்டுக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. நாற்பது தாண்டிய பெண், புருஷன் இல்லை, மகன் ஆன்றணி ஆழ்கடல் போட்டில் போகிறவன். மீன் சுமந்து உள்நாட்டில் விற்பவள் அவள். சாப்பிடாமல் விடமாட்டேன் என்று மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவ அவள் செம்பு எடுக்க உள்ளே போனாள். நான் காத்திருக்காமல் பின்பக்கம் போய் நானே கிணற்றில் வாளி இறக்கினேன். கல்லில் சோப்பு கிடந்தது. தேய்த்தால் நுரையே வரவில்லை. கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. சந்தேகப்பட்டு ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன்.

“அய்யோ டீச்சரே! அதை வாயில வைக்காதுங்க, துப்புங்க, துப்புங்க!” என்று செம்போடு ஓடிவந்தாள் பிலோமினாள்.

துப்பினேன். நாக்கு கரித்தது. “என்ன இது, கடல் தண்ணியால்லா இருக்கு? கிணறு உண்டுன்னு சொன்னீங்களே?”

“கெணறு உண்டான்னுதானே கேட்டிய? உண்டுல்லா, இந்தா இருக்கே. பொய்யா சொன்னேன்?”

“அப்போ எனக்குக் குடிக்கத் தந்தது?”

“அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோப்புக் கெணத்துலேருந்து காலம்பற சொமந்தது. வீட்டுக்கு வந்தவளுக்கு உப்பு வெள்ளமா குடுப்பா?” அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு.

அந்த ஊரில் நல்ல தண்ணீர் முதலில் விருந்தாளிக்கு, அடுத்து உலைக்கு, மிச்சம் இருந்தால் வீட்டாருக்கு. எனக்கு முன்னால் அந்த ஊருக்கு வந்த அதிகாரிகள் அத்தனை பேரும் அந்தத் தோப்புக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஊரில் தண்ணீருக்குக் குறைவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெண்கள் குடம் சுமப்பதை யாரும் பார்த்ததில்லை. அதிகாரி வருகிற நேரத்துக்குள் சுமந்து முடித்திருப்பார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “இதை ஏன் மறைக்கீங்க? சொன்னாத்தானே குழாய் வரும்?” என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எனக்க மோனுக்குப் பெண்ணு பாத்துட்டு இருக்கோம் டீச்சரே. கெழக்க ஒரு இடம் ஒத்து வந்திருக்கு. உப்பு வெள்ள ஊருன்னு பேரு எடுத்தாச்சுன்னா எவ தருவா? கொடம் சொமக்கதுக்கா பெத்து வளத்திருக்காவ? ஊரே சேந்து எடுத்த முடிவாக்கும் இது. எந்த வீட்டுலயும் மாறிச் சொல்லமாட்டாவ. நீங்க எழுதாண்டாம்.”

“உங்க வீட்டுப் பேர் எங்கயும் வெளிய வராது.”

“ஊருப் பேரு வருமா?”

வரும். ஊர்ப் பெயர் போட்டுத்தான் அட்டவணை வரும். “வெள்ளம் வேண்டாமா பிலோமினா உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“வெள்ளமும் வேணும், மருமவளும் வேணும்” என்றாள் அவள்.

படிவத்தில் ஒன்றை வட்டமிட்டேன், அது அவள் பதில். பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில், கிணற்று நீர் உப்பு, குடிக்க இயலாது, குடிநீர் வெளியிலிருந்து சுமக்கப்படுகிறது என்று எழுதினேன், அது என் கண்ணும் நாக்கும் கண்டது. மற்ற வீடுகளுக்குத் திரும்பப் போய் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கை அள்ளிப் பார்த்து அங்கேயும் எழுதினேன். அன்று முழுவதும் எனக்கு எதைத் தின்றாலும் கரித்தது.

துணை இயக்குநர் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இது என்னம்மா?”

“கிணறு இருக்கு சார். தண்ணி குடிக்க முடியாது.”

“கேள்வி என்ன?”

“குடிநீர்க் கிணறு உள்ளதா.”

“அவங்க பதில்?”

“ஆம்னாங்க.”

“அப்புறம் இல்லைன்னு சொல்ல நீங்க யாரு?”

“நான் குடிச்சுப் பார்த்தேன் சார்.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். “குடிச்சுப் பார்க்கணும்னு எந்த அறிவுரையில இருக்கு?” என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். “குறிப்பெல்லாம் கூட்டல்ல வராதும்மா. கூட்டல்ல வராதது எதுக்கு?” என்று சொல்லி, அளவுகோலை என் எழுத்தின் மேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் நேராக ஒரு கோடு இழுத்தார். எல்லாப் படிவத்திலும் இழுத்தார். அவ்வளவு நேரான கோடு நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. விடாமல் தனியாக ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். அதைக் கோப்பில் வைத்துவிட்டார்கள். கோப்பில் வைப்பது என்றால் என்னவென்று அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதுதான் நடந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. எந்த ஊருக்கு முதலில் குழாய் என்று முடிவு செய்ய எங்கள் அட்டவணையை எடுத்தார்கள். எல்லா வீட்டிலும் குடிநீர்க் கிணறு இருக்கிற ஊருக்கு என்ன அவசரம்? பெரிய குழாயை அந்த ஊரின் வாசல் வழியாகவே சாலையோரம் பதித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். போகிறபோக்கில் தோப்புக்குச் செல்லும் பாதையைத் தோண்டிப்போட்டார்கள். தோப்புக்காரருக்கும் அதைச் சாக்காக வைத்துக் கதவைப் பூட்ட வசதியாகிவிட்டது. பெண்கள் இன்னும் ஒரு ஊர் தாண்டிப் போகவேண்டி வந்தது. இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு வந்த வயிற்றெரிச்சலை என்ன வார்த்தையில் எழுத?

கடைசியில் பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் நின்றது, போலீஸ் வந்தது. பேச்சுவார்த்தைக்கென்று குடிநீர்ப் பொறியாளரும், புள்ளிவிவரத்தை விளக்கிச் சொல்ல எங்கள் துணை இயக்குநரும் அந்த ஊருக்குப் போகவேண்டியதாயிற்று. என்னையும் கூட்டிப்போனார்கள். சிலுவை நிற்கிற குருசடியின் நிழலில் நாற்காலி போட்டிருந்தது. ஒருபக்கம் ஊர் நிர்வாகத்து ஆண்கள், எதிரே குடங்களோடு பெண்கள்.

அவர் வழக்கம்போல நிதானமாக அட்டவணையை விரித்து வாசித்தார். “உங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் குடிநீர்க் கிணறு இருக்குன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. நாங்களா எழுதலை. இப்போ தண்ணி இல்லைன்னா நான் எதை நம்புறது?”

ஊர் நிர்வாகி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு என்று சொன்னால் ஊர்ப் பேர் போகும், சொல்லாவிட்டால் குழாய் போகும். அப்போது பிலோமினாள் எழுந்து வீட்டுக்குள் போனாள். ஒரு தட்டில் எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு வந்து துணை இயக்குநர் முன்னால் நீட்டினாள்.

“வெயில்ல வந்திருக்கிய. குடியுங்க சாரே.”

அந்த ஊரில் விருந்தாளிக்குக் கொடுக்கிற முதல் மரியாதை அது. அவர் மரியாதை தெரிந்தவர், நன்றி சொல்லி வாங்கி ஒரு பெரிய மடக்காகக் குடித்தார். முகம் கோணியது. துப்பவும் முடியாது, அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

“நல்லா குடியுங்க. எங்க கெணத்து வெள்ளமாக்கும். ஆம்னு எழுதியிருக்குல்லா” என்றாள் பிலோமினாள்.

நிர்வாகி துள்ளி எழுந்தார். “ஏட்டி, ஒனக்குப் பைத்தியமா? வீட்டுக்கு வந்த மனுஷனுக்குக் குடுக்கதா இது? ஊரு மானத்தைக் கெடுத்திட்டியே!”

“மானத்தையா நாங்க தலையில சொமக்கோம்? கொடத்தைல்லா சொமக்கோம்” என்றாள் அவள். அவள் என்ன செய்கிறாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கிழக்கே பேசி வைத்திருந்த சம்பந்தம் இன்னும் உறுதியாகவில்லை. சாயங்காலத்துக்குள் மீன் கூடைகளோடு இந்தச் செய்தியும் ஊர் ஊராகப் போய்விடும்.

துணை இயக்குநர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கக் கைக்குட்டை எடுத்தவர், அதைக்கொண்டு வாயைத் துடைத்துக்கொண்டார். “படிவத்துல இதுக்கு இடம் இல்லையே” என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “எப்படிக் கேட்டா சரியா வரும்னு நினைக்கிறீங்க?” என்றார். இந்த ஒரு வாய்த் தண்ணீரை நான் கொடுத்த குறிப்பிலேயே குடித்திருக்கலாமே ஐயா என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு உலை வைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும் என்றேன். கிணறு உண்டா என்பது வீட்டின் கௌரவத்தைக் கேட்கிற கேள்வி. அதற்கு யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். உலைத் தண்ணீர் எங்கிருந்து என்பது வேலையைக் கேட்கிற கேள்வி, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்த வாரமே நானும் ஊர்ப் பெண்கள் சிலரும் வீடு வீடாகப் போய் அதை மட்டும் கேட்டோம். அடுத்த ஊர்த் தோப்பு என்றார்கள், அங்குள்ள பைப்படி என்றார்கள், உள்நாட்டில் மீன் விற்ற வீட்டில் இரந்து வாங்கிய ஒரு குடம் என்றார்கள். ஒரு வீட்டில்கூடச் சொந்தக் கிணறு என்று பதில் வரவில்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் எடுத்த உருப்படியான கணக்கு அது ஒன்றுதான் என்று சொல்வேன்.

துணை இயக்குநர் அதைத் தனி அறிக்கையாக அனுப்பினார். அதற்குப் பிறகும் இழுத்தடித்து இழுத்தடித்துத்தான் குழாய் வந்தது. ஆனால் அந்தத் தனி அறிக்கையைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. விதியில் இடம் இல்லையாம். புத்தகத்தில் பழைய ‘ஆம்’ அப்படியே கிடந்தது. அதைத்தான் எடுத்து இன்றைக்கு அடையாளம் என்று பலகையில் மாட்டியிருக்கிறார்கள். பெண்களின் கழுத்து வலியை மறைத்த ஒரு பொய், ஊர்ப் பெருமையாகிவிட்டது.

கிழக்குச் சம்பந்தம் அந்த வாரமே முறிந்தது. கடலிலிருந்து திரும்பிய ஆன்றணி அம்மாவிடம் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாய் வந்து வெகுகாலம் கழித்து, வயது ஏறிய பிறகுதான் அவனுக்குப் பெண் கிடைத்தது. இதற்கெல்லாம் எந்தப் பலகையில் இடம் இருக்கிறது?

கண்காட்சியில் கிணற்றுக்கு அடுத்த பலகை ‘வீட்டுக்கு வீடு குழாய்’. அந்த ஊரின் பெயர் அதிலும் இருந்தது. இப்போது படிவம் இல்லை, கைபேசியில் கேள்வி. வீட்டில் குழாய் இணைப்பு உள்ளதா? ஆம், இல்லை. சிவப்புப் பென்சில்கூடத் தேவையில்லை, குறிப்பு எழுதும் கட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினாளுக்குப் போன் செய்தேன். பலகையைப் பற்றிச் சொன்னேன். குழாயில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டேன்.

“வரும் டீச்சரே, தோணும்போது வரும். வராத நாளு மருமவ கொடத்தை எடுத்திட்டுப் போறா. நான் சொமந்தது போதாதுன்னு அவளும்” என்றாள். மூச்சு வாங்கியது. பிறகு, “பலகை எழுதின அந்தப் பிள்ளைகள ஒரு தடவ எனக்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. அவியளுக்குன்னு ஒரு டம்ளர் எடுத்து வைக்கேன்” என்றாள்.

“எந்தத் தண்ணி?” என்று கேட்டேன்.

“கெணறு இன்னும் மூடல்ல டீச்சரே” என்றாள் பிலோமினாள்.